வண்டிச் சின்னம்: கம்பெனிப் பெட்டியா, கடைச் சரக்கா, காயலான் கடையா, பாலிஷ் பட்டறையா?

டிக்கியில் ஒட்டியிருந்த சின்னம் ஒருநாள் காணாமல் போயிருக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தபோது பறந்திருக்கலாம். பத்து வருடம் சித்திரை வெயில் குடித்த டேப் தானாகவே விட்டுக்கொடுத்திருக்கலாம். மதுரையில் இதற்கு நான்கு வழி உண்டு: ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் கம்பெனிப் பெட்டி, ஸ்பேர் கடையில் 'மோனோகிராம்' என்று கேட்டால் எடுத்துப் போடும் சரக்கு, உடைத்த வண்டியில் கழற்றிய பழசு, இருப்பதையே பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் ஏற்றுவது.

தினம் ஓடும் வண்டி, கம்பெனி இன்னும் பார்ட்ஸ் தருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்டிதான். மற்ற மூன்றுக்கும் அதனதன் இடம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் வருவதும் ஒரிஜினல்தானா என்று கண்டுபிடிக்க, அந்தச் சின்னத்தை வரைந்தவர்கள் எதை மனதில் வைத்து வரைந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நகல் பிசகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

டொயோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோவா இல்லாத தெரு மதுரையில் இல்லை. மூன்று நீள்வட்டம் கொண்ட அந்தச் சின்னம் 1989 அக்டோபரில் வந்தது. உள்ளே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு நீள்வட்டங்களில் ஒன்று வாடிக்கையாளரின் மனம், இன்னொன்று கம்பெனியின் மனம். இரண்டும் சேர்ந்து 'டி' எழுத்தாகின்றன. வெளி வளையம் உலகம். முக்கியமான சங்கதி கோட்டின் தடிமன். ஜப்பானியத் தூரிகை எழுத்தைப் போல ஒவ்வொரு வளையமும் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும்படி வரைந்தார்கள். ஒரிஜினலையும் நகலையும் கடை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டியூப்லைட் வெளிச்சம் மேலே ஓடும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரிஜினலில் வெளிச்சம் தடித்த இடத்தில் அகன்று, மெலிந்த இடத்தில் இழையாகி, வளைவு முழுக்க அறுபடாமல் வழுக்கும். நகலில் கோடு சுற்றிலும் ஒரே தடிமன். வளையங்கள் வெட்டும் மூலையில் வெளிச்சம் முறிந்து நிற்கும், அச்சின் பிசிர் விரலில் தட்டும். "கம்பெனி ஐட்டம்தாண்ணே, அதே மால்தான்" என்று கடைக்காரத் தம்பி சொன்னாலும், இந்த ஒரு சோதனைக்குப் பிறகு கேள்வி மிஞ்சாது.

ஹோண்டா, ஹூண்டாய் இரண்டும் 'எச்' என்பதால் சிறுநகரக் கடைகளில் குழப்பம் உண்டு. ஹோண்டா எச் நேராக நிமிர்ந்து மேலே விரியும், சுற்றியிருப்பது முனை மழுங்கிய சதுரம். ஹூண்டாய் எச் சாய்ந்தது, நீள்வட்டத்துக்குள் இருப்பது. கம்பெனியும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் உருவம் என்று கம்பெனியே சொல்கிறது. கைகுலுக்கல் தெரிய வேண்டுமென்றால் கால்கள் நடுவில் மெலிந்து முனையில் விரிய வேண்டும். மலிவு நகலில் அது வெறும் சாய்ந்த ஏணிபோல இருக்கும். கியாவின் 2021 சின்னத்தில் எழுத்துகள் கையெழுத்துபோல ஒரே ஓட்டமாக இணைந்திருக்கின்றன. அதைப் பலர் 'கேஎன்' என்றே படிக்கிறார்கள். எழுத்துக்கு நடுவில் இடைவெளி விட்டு, படிக்க எளிதாக ஒன்று கிடைத்தால் அது நகல் என்று பொருள்.

பிஎம்டபிள்யூவுக்கு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது: சுழலும் விமானக் காற்றாடியைப் பார்த்து வரைந்தது என்று. உண்மை அதுவல்ல. 1917-ல் சின்னத்தைப் பதிந்தபோது எடுத்தது பவேரிய மாநிலத்தின் வெள்ளையும் நீலமும். அரசு முத்திரையை வணிகத்துக்கு அப்படியே பயன்படுத்தச் சட்டம் இடம் தராததால் நிறங்களின் வரிசையை மாற்றிவைத்தார்கள். 1929-ல் விமான எஞ்சின் விளம்பரம் ஒன்றில் காற்றாடியின் மேல் சின்னத்தைப் போட்டதுதான் கதைக்கு விதை. இந்த வரிசை மாற்றம் உங்களுக்கு நேரடியாக உதவும். நேரே நின்று பார்த்தால் இடது மேல் கால்பகுதி நீலம், வலது மேல் வெள்ளை. ஸ்டிக்கர் போட்ட வீல் கப், ஸ்டியரிங் பொட்டு விற்கிறவர்களில் சிலர் இதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

பென்ஸின் மூன்று முனை நிலம், நீர், வானம். 1909-ல் டைம்லர் கம்பெனி நட்சத்திரத்தைப் பதிந்தது, 1926-ல் அதுவும் பென்ஸ் கம்பெனியும் இணைந்தபோது பென்ஸின் வாகைமாலை சுற்றி வந்தது. பானெட்டில் நிற்கும் நட்சத்திரம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரிஜினலின் அடியில் ஸ்பிரிங் இருக்கும், கைபட்டாலே மடங்கி நிமிரும். ஒட்டவைக்கும் நகல் விறைத்து நிற்கும். யார்மீதாவது வண்டி உரசினால் குத்திக் கிழிக்கும். இதை எந்த வண்டிக்கும் மாட்டாதீர்கள்.

ஆடியின் நான்கு வளையம் 1932-ல் ஆடி, டிகேடபிள்யூ, ஹார்க், வாண்டரர் என்ற நான்கு கம்பெனிகள் ஒன்றானதன் அடையாளம். ஆகஸ்ட் ஹார்க் தான் தொடங்கிய கம்பெனியை விட்டு வெளியேறியபின் தன் பெயரையே புதுக் கம்பெனிக்கு வைக்க முடியாமல் போனது. 'ஹார்க்' என்றால் ஜெர்மனில் 'கேள்'. அதையே லத்தீனில் சொன்னால் 'ஆடி'. நண்பர் வீட்டுப் பையன் சொன்ன யோசனை அது. செவ்ரலேயின் 'போ டை' (கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி டை போன்ற சின்னம்) விஷயத்தில் இப்படி உறுதியான வரலாறு கிடையாது. பாரிஸ் ஓட்டல் சுவர்த்தாளில் பார்த்தது என்று வில்லியம் டுரான்ட் சொன்னார், சாப்பாட்டு மேஜையில் கிறுக்கியது என்று மகள், செய்தித்தாள் விளம்பரத்தில் கண்டது என்று மனைவி.

நம் ஊருக்கு நெருக்கமான சின்னம் நம் ரோட்டில் அதிகம் ஓடாத சுபாருவினுடையது. சுபாரு என்றால் ஜப்பானிய மொழியில் கார்த்திகைக் கூட்டம். ஒரு பெரிய நட்சத்திரமும் ஐந்து சிறியவையும், ஐந்து கம்பெனி சேர்ந்து 1953-ல் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் உருவானதைச் சொல்கின்றன. பழந்தமிழில் கார்த்திகைக்கு அறுமீன் என்று பெயர். மீன் என்றால் நட்சத்திரமும்தான். கயலைக் காசில் பொறித்த பாண்டியர் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு முத்திரையைப் பார்த்தே சரக்கின் சொந்தக்காரனை அறிவது புதிய பழக்கம் அல்ல.

இனி பொருளுக்கு வருவோம். இன்றைய சின்னங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். கம்பெனிச் சரக்கில் அதன்மேல் செம்பு, நிக்கல், கடைசியில் குரோமியம் என்று அடுக்கடுக்காக மின்முலாம் ஏறும். குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துருவையும் உப்பையும் தாங்குவது அடியில் இருக்கும் நிக்கல்தான். மலிவு நகலில் இந்த அடுக்குகள் கிடையாது. வெற்றிட அறையில் அலுமினிய ஆவியைப் படியவைத்து, மேலே ஒரு கோட் லாக்கர் அடித்து முடித்துவிடுவார்கள். கடையில் அதுதான் அதிகமாக மின்னும். வெயிலில் லாக்கர் மஞ்சளாகி உரியும், உரிந்த இடத்தில் அலுமினியம் கருக்கும். அலாய் வீலுக்குப் போடும் காரத்தன்மை உள்ள கிளீனர் தெறித்தால் ஒரே நாளில் போய்விடும். நம் போர் தண்ணீர் உப்புப்புள்ளி முலாம் பூசியதில் துடைத்தால் போகும், லாக்கரில் தங்கிவிடும்.

வாங்கும்போது நகத்தால் தட்டுங்கள்: முலாம் பூசியது உலோகம்போல 'டிங்' என்னும், மற்றது 'டப்'. கையில் கனமும் வித்தியாசப்படும். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிக்குள் 'ஏபிஎஸ்' என்ற எழுத்து, பார்ட் நம்பர், கடிகார முகம்போலச் சின்ன வட்டத்துக்குள் ஓர் அம்பு. அது அச்சு ஓடிய மாதத்தைக் காட்டும். நகலில் பின்பக்கம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். பெட்டி லேபிளில் பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் இருக்க வேண்டும், பொருளின் நம்பரோடு அது ஒத்துப்போக வேண்டும். பெட்டி மட்டும் அசல்போல அச்சடித்து வருவதும் உண்டு. பொய் வணிகச் சின்னம் பதிப்பதும் அப்படிப்பட்டதை விற்பதும் 1999 வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104 பிரிவுகளில் குற்றம்: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

கவுண்டருக்குப் போகும்போது ஆர்சி நகல் கொண்டு போங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் சின்னத்தின் அளவும் பின்னால் உள்ள ஊசியும் மாறும், சேஸிஸ் நம்பர் போட்டால்தான் சரியான பார்ட் நம்பர் வரும்.

ஒட்டுவதில்தான் பாதி பேர் கோட்டைவிடுகிறார்கள். பழசைக் கழற்றும் முன் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லையைக் குறியுங்கள். ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம், கை தாங்கும் சூடுவரை. பிறகு தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றி, சின்னத்துக்குப் பின்னால் ரம்பம்போல இழுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பெயின்ட் போய்விடும். மிச்ச டேப்பைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, பாதி ஐசோபுரொபைல் ஆல்கஹால், பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். தின்னர் ரீபெயின்ட் செய்த வண்டியில் பெயின்டையே கரைத்துவிடும்.

சின்னத்தோடு வரும் டேப் நகலில் வெறும் பஞ்சு. அதை உரித்துவிட்டு அக்ரிலிக் ஃபோம் டேப் ஒட்டலாம். அந்த ஒரு மாற்றத்தால் நகலும் விழாமல் நிற்கும். 10, 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒட்டிய இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, ஒரு நாளில் 90 சதவீதம், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். அதுவரை வாட்டர் சர்வீஸ் கூடாது. மே மாதத்தில் நிழல் இல்லாத இடத்தில் தகரம் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், அதனால் விடியற்காலையில் நிழலில் ஒட்டுங்கள்.

நகலில் பின் ஊசி ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் டிக்கித் தகரத்தில் புதுத் துளை போடாதீர்கள். ஊசியை வெட்டிவிட்டு, பழைய துளையைச் சீலன்ட் வைத்து அடைத்தபின் டேப்பில் ஒட்டுங்கள். அடைக்காத துளை வழியே மழைநீர் இறங்கி டிக்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். முன்பக்க கிரில் சின்னம் கிளிப்பில் நிற்பது. வெளியிலிருந்து நெம்பினால் கிரிலின் காது உடையும், கிரில் விலை சின்னத்தைவிடப் பல மடங்கு.

காயலான் கடைப் பழசு யாருக்கு? செவ்ரலே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய மாடல்களுக்குப் புதுப்பெட்டி கிடைக்காவிட்டால், நகலைவிடக் கழற்றிய ஒரிஜினலே மேல். ஊசி முழுதாக இருக்கிறதா, முலாமில் முடிபோல விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம், வண்டி கழுவக் கழுவ அது கொப்பளிக்கும்.

பாலிஷ் பட்டறை அம்பாசடர், பழைய ஃபியட், ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முதலில் பின்பக்கத்தில் அரத்தால் லேசாக ராவுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை: தைரியமாகக் கொடுக்கலாம், பழைய முலாமை எடுத்து, பஃப் போட்டு, நிக்கல், குரோம் ஏற்றினால் புதுசுபோல நிற்கும். வெளிறிய சாம்பல் என்றால் மசாக், அதாவது துத்தநாக வார்ப்பு. அதில் கொப்புளம் வந்திருந்தால் உள்ளே குழி விழுந்திருக்கிறது. அமிலத்தில் போட்டால் குழி பெரிதாகும், எழுத்தின் ஓரம் மழுங்கும். செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றிக் குழியை நிரப்பப் பொறுமை உள்ள பட்டறை இருந்தால் மட்டும் கொடுங்கள், முன்பே நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சின்னத்தை இவர்களிடம் கொடுத்துப் பயனில்லை. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, அதற்கு வேறு ரசாயன முறை வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் சின்னத்தை நம்பி விலை பேசவே கூடாது. டாப் மாடல் எழுத்து ஒட்டிய அடிமட்ட வேரியன்ட் நிறையச் சுற்றுகிறது. ஆர்சியில் மாடல் வரியைப் படியுங்கள், எந்தக் கம்பெனி என்று அறிய சேஸிஸ் நம்பரின் முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள்: எம்ஏ3 மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி டாட்டா, எம்ஏ1 மஹிந்திரா. எழுத்தைச் சுற்றிப் பெயின்ட் நிறம் ஒரே மாதிரி இருக்கிறதா, பழைய எழுத்தின் நிழல் தெரிகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் கவனியுங்கள்.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் போடும் புதிய வண்டிகளில், சில மாடலுக்கு ரேடார் முன்பக்கச் சின்னத்தின் பின்னால்தான் இருக்கிறது. அந்தச் சின்னம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும், குரோம் உள்ளே தெரியும். ரேடார் அலை ஊடுருவும்படி செய்த விசேஷப் பூச்சு அது. சாதாரண குரோம் நகலை அங்கே மாட்டினால் அலை திரும்பிவிடும், பிரேக் உதவி வேலை செய்யாது. கறுப்பு ஸ்டிக்கரும் அதன்மேல் கூடாது. இங்கே மட்டும் விலையைப் பார்க்காமல் கம்பெனியிலேயே மாற்றுங்கள்.

ஆயுதபூஜைக்கும், புதுவண்டியைப் பாண்டிகோவிலுக்கு ஓட்டிப்போகும்போதும் சந்தனம் வைப்பது சின்னத்தின் மேல்தான். ரேடார் சின்னமென்றால் பொட்டைப் பானெட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மற்றதில் வைக்கலாம், ஆனால் அன்றைக்கே சாயங்காலம் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்தால் கீறல் விழும். குங்குமச் சாயம் எழுத்தின் இடுக்கில் இறங்கி வெள்ளைப் பெயின்டில் சிவப்புக் கறையாக நிற்கும். எலுமிச்சைச் சாறு பட்டிருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு பழைய டூத் பிரஷ்ஷை ஷாம்பு தண்ணீரில் நனைத்து ஓரங்களில் ஓட்டினால் போதும்.