பெரும்பாக்கமா, குடியிருந்த இடமா? சென்னையின் இரண்டு மறுவாழ்வு வழிகள்

1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தன் தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென் விளிம்பில் ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்பி, மக்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தும் வழி மேலோங்கியது.

இரண்டாவது வழிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. விளிம்பில் நிலம் மலிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கியதைக் கண்டவர்கள் எவரும் அந்த மக்களை அங்கேயே விட்டுவிடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. செம்மஞ்சேரியிலும் கனமழைக்குத் தண்ணீர் தேங்குகிறது.

சிந்தாதிரிப்பேட்டைக் கூவக் கரையில் குடியிருந்த வீட்டுவேலைப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு நடந்தே போய், நடுவில் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டும் திரும்ப அவரால் முடிந்தது. பெரும்பாக்கம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். இப்போது பிள்ளைகள் எழுவதற்கு முன்பே அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். இழந்த மணிநேரங்களை அது ஈடுசெய்யாது.

மக்கள்தொகைக் கணக்கிலும் இந்த நகர்வின் சாயல் உண்டு. 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு வளர, அப்போது கண்ணகி நகரை உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 விழுக்காடு வளர்ந்தது. அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சாலையே பெருங்காரணம் என்றாலும், விரும்பி வந்தவர்களோடு ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டும்போது வேலையும் பள்ளியும் அரசு மருத்துவமனையும் கைக்கெட்டும் தூரத்தில் நிலைக்கின்றன. அதனால் இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கும் சில கிலோமீட்டருக்குள் அரசு நிலம் தேடித் தர வேண்டும். இதிலும் குறைகள் உண்டு. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கத் தரப்படும் 24,000 ரூபாய் கருணைத் தொகை சில மாதங்களில் கரைந்துவிடும். அதைவிடக் கடுமையானது ஒதுக்கீட்டுப் பட்டியல். அப்பா பெயரில் இருந்த ஒரே வீட்டில் இன்று மணமான இரண்டு மகன்களின் குடும்பங்கள் வாழ்ந்தாலும், திரும்பக் கிடைப்பது ஒரு வீடுதான். வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இடிக்கும் முன் எடுக்கும் கணக்கில், ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது என்பதோடு, அந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.