பேட்டரியை மொட்டை மாடியில் வைக்கச் சொன்னால் நம்பாதீர்கள்: 68,000 ரூபாய் போச்சு

இன்று சாயங்காலம்தான் அந்தக் கடையிலிருந்து திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் எங்கள் தோட்டத்து வீடு. கரண்ட் லைன் இழுக்க ஏகப்பட்ட கம்பம் நட வேண்டும் என்பதால் சோலாரே போதும் என்று முடிவெடுத்தோம். போன வருஷம் தை மாசம், 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி நான்கு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் வகை, 48 வோல்ட் செட். பேட்டரிக்கு மட்டும் 68,000 ரூபாய்.

வாங்கியது பக்கத்து டவுனில் ஒரு சோலார் கடையில். பேர் வேண்டாம். ஓனர் சின்னப் பையன், அவனே பைக்கில் வந்து இடம் பார்த்தான். நான் காட்டியது வடக்குப் பக்கம், வேப்பமர நிழலில் இருக்கிற பழைய விறகு அறையை. எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அண்ணாச்சி. பேட்டரியில கேஸ் வரும், ஆசிட் வாடை அடிக்கும். மாடியில பேனலுக்குப் பக்கத்துலயே தகரக் கொட்டகை போட்டுருவோம், வயர் செலவும் மிச்சம். எங்க வீட்லயே அப்படித்தான் வச்சிருக்கேன்" என்றான். என் வீட்டுக்காரி கொடுத்த மோரை இரண்டு டம்ளர் குடித்துக்கொண்டே சொன்னான். கேஸ் வரும் என்பது உண்மைதானே, விவரம் தெரிந்த பையன் என்று தலையாட்டிவிட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

முதல் கோடையிலேயே 15 நாளைக்கு ஒரு தரம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. போன் போட்டால் "புது பேட்டரி அப்படித்தான் குடிக்கும் அண்ணாச்சி". இந்தச் சித்திரையில் ராத்திரி 9 மணிக்கே ஃபேன் நின்றது. போய்ப் பார்த்தால் இரண்டு பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருக்கிறது, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் பார்த்து ரிட்டயர் ஆன என் மச்சானைக் கூட்டி வந்தேன். உள்ளே நுழைந்ததும், "இது பேட்டரி ரூமா, இட்லிப் பானையா?" என்றார். மத்தியானம் 2 மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தோம், 51 டிகிரி. இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரிதான் கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்றார். வெயில் ஏற ஏற சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க ஒரு சென்சார் வயர் உண்டாம். அது இன்வெர்ட்டர் வந்த அட்டைப்பெட்டியில், பிரிக்காத பாக்கெட்டில் அப்படியே கிடக்கிறது! பேட்டரியில் வரும் அந்தக் கேஸில் ஹைட்ரஜன் உண்டு, அது லேசானது, கூரைக்குத்தான் ஏறும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கொட்டகைக்கு மேலே ஒரு ஓட்டைகூட விடவில்லை. வயர் கதையும் பொய். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில்தான் வயர் குட்டையாக இருக்க வேண்டும், பேனலிலிருந்து கீழே இறக்கத் தக்க கனத்தில் வயர் போட்டால் போதும்.

வாரண்டி 36 மாசம், ஓடியது 16 மாசம். முதல் தடவை போனபோது "கம்பெனி ஆள் வருவார்" என்றான், யாரும் வரவில்லை. அடுத்த தடவை "நீங்க தண்ணி ஒழுங்கா ஊத்தல". இன்றைக்கு வாரண்டி அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டுகிறான்: காற்றோட்டமான, வெப்பம் தாக்காத இடத்தில் வைக்காவிட்டால் வாரண்டி செல்லாதாம். "தம்பி, இடம் காட்டினதே நீதானே?" என்றால், "நான் யோசனைதான் சொன்னேன் அண்ணாச்சி, முடிவு உங்களோடது. பழசைக் கொடுங்க, புதுசுல கழிச்சுத் தர்றேன்." 68,000 ரூபாயை முழுங்கிவிட்டு இன்னொரு செட் விற்கப் பார்க்கிறான்!

எப்படி இடம் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் 9 சதவீதம்தான் இருக்கிறது, வீட்டில் கரண்ட்டும் இல்லை. அதனால் சுருக்கமாக. தகரத்துக்கு அடியில் வைக்காதீர்கள். தரைத்தளம், நிழல், கீழேயும் மேலேயும் காற்றுத் துளை. படுக்கிற அறை வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், ஆசிட் ஆவி போர்டைத் தின்றுவிடும். பணம் கொடுக்கும் முன்பே வாரண்டி அட்டையைப் படியுங்கள். எங்கே வைக்கச் சொல்கிறானோ அதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை. நாளைக் காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடப் போகிறேன், மச்சான் வீட்டில் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு.