பராலீகல் சான்றிதழ்: 120,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

சான்றிதழ் கைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒருவரும் அதைக் காட்டு என்று கேட்டதில்லை. காணிக் கோவைகள் அடுக்கிய அலுமாரிக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. "அக்கா, செய்யலாமோ? காசு திரும்பி வருமோ?" என்று கேட்கிற தங்கைமார் கூடிவிட்டதால் கணக்கை எழுதுகிறேன்.

பராலீகல் என்றால் சட்டத்தரணிக்குக் கோவை, வரைவு வேலைகளில் உதவுகிற ஆள். நான் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளாக்கர். படிக்கப் போகுமுன்பே அங்கே ஏழு வருடம் வேலை. 2023 இல் கொழும்புத் தனியார் நிறுவனமொன்றின் பத்து மாதப் பாடநெறியில் சேர்ந்தேன். கட்டணம் 85,000 ரூபா. டேட்டா, அச்செடுத்த குறிப்புகள், பரீட்சைக்கு இரண்டு தரம் இரவு ரயிலில் போய் வந்தது, தங்கிய அறை எல்லாம் சேர்த்து 120,000 ஐத் தொட்டது. கடைசித் தவணைக்குச் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த வட்டி இதில் இல்லை. வகுப்பில் கழிந்த சனிக்கிழமைகளும் இல்லை. மூதூர், குச்சவெளிப் பக்கத்து ஆட்கள் எங்களிடம் வருவது சனிக்கிழமைதான். அன்றைய மேலதிகத் தட்டச்சுக் காசு பத்து மாதமும் போனது. அதையும் கூட்டினால் மனம் நோகும், கூட்டவில்லை.

வகுப்பு ஆங்கிலத்தில். எங்கள் நீதிமன்றமோ தமிழில் நடக்கிறது. வடக்குக் கிழக்கில் வழக்கேடு தமிழில் இருக்க அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையே இடம் தருகிறது. ஆகவே படித்ததையெல்லாம் இரவில் உட்கார்ந்து சத்தியக் கடதாசி, அற்றோனித் தத்துவம், காணி உறுதி என்று எங்கள் சொல்லுக்கு நானே மாற்றிக்கொண்டேன். பாடத்தில் பாதி வெளிநாட்டு அலுவலகங்களுக்கு எழுதியது. மணிக்கணக்குப் பார்த்துப் பில் போடுவது எப்படி என்று மூன்று வகுப்பு! போன மாதம் ஒருவர் சேருக்கு, அதாவது எங்கள் சட்டத்தரணிக்கு, கட்டணத்தில் பாதியும் மீதிக்கு ஒரு அறக்குளா மீனும் கொண்டு வந்தார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காசு வீண்போகாத இடம் காணிச் சட்டம். முன்பு ஆட்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து கொடுப்பேன், அவ்வளவுதான். நிலாவெளிக் காணித் துண்டொன்றை முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு பேரும் ஒப்பமிட்டு வாங்கியதாக ஒருவர் வந்தார். பழைய ஆளாக இருந்தால் அந்தத் தாளை அழகாகத் திருப்பி அடித்துக் கொடுத்திருப்பேன். இப்போது சேரிடம் அனுப்புமுன் உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசு யார், சாட்சி இரண்டு பேர் யார் என்று கேட்கிறேன். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. அந்த மனிதரின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, நான் இதற்கு முன் அடித்துக் கொடுத்த தாள்கள் எத்தனை என்று வயிறு கலங்கியது.

அதே பாடத்தில்தான் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. தம்பலகாமத்திலிருந்து ஒரு அக்கா, தகப்பனுக்கு அரச காணிக்குக் கொடுத்த பெர்மிட்டைப் பொலித்தீன் பைக்குள் நாலாய் மடித்துக் கொண்டு வந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்திருந்தது. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் எழுதும் இடம் வெறுமை. தாய் முன்பே இல்லை, தகப்பன் போன வருடம் போய்விட்டார். "ஆம்பிளைப் பிள்ளைக்குத்தானாம் பிள்ளை, தம்பி சொல்றான்" என்றார். என் குறிப்புப் புத்தகமும் தம்பியின் பக்கம்தான் நின்றது. நல்லகாலம், சேர் குறுக்கிட்டார். காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில் ஆண் பிள்ளையை முன்னுக்கு வைத்த வாரிசு வரிசையை 2022 திருத்தம் எடுத்துவிட்டது. 2023 இல் 85,000 ரூபா வாங்கிக்கொண்டு எங்களுக்குப் பழைய அட்டவணையைப் படிப்பித்திருக்கிறார்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை.

சரி, வரவு. ஆறு மாதம் கழித்துச் சம்பளம் மாதம் 6,000 கூடியது. சான்றிதழுக்காக இல்லை, வரைவுகளில் சேர் சிவப்புப் பேனா பிடிப்பது குறைந்ததற்காக. பதினெட்டு மாதத்தில் 108,000. இன்னும் கொஞ்சம் பாக்கி.

என்னோடு படித்த ஒரு பிள்ளை எந்த அலுவலகத்திலும் இருந்ததில்லை; சான்றிதழை மட்டும் வைத்து இன்னும் வேலை தேடுகிறாள். இலங்கையில் பராலீகல் என்று அனுமதிப்பத்திரம் தருகிற தொழில் ஒன்றில்லை. நீதிமன்றில் எழுந்து பேசவோ உறுதி முடிக்கவோ முடியாது. அதற்குச் சட்டத்தரணியாக, நொத்தாரிசாக வர வேண்டும். விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். ஏற்கனவே ஒரு அலுவலகத்தில் மேசை இருக்கிறதா? சேரலாம், ஆனால் சேருமுன் காணிப் பாடத்தின் குறிப்பை வாங்கி 2022 திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மேசை இல்லையென்றால் முதலில் மேசையைத் தேடுங்கள்.

சங்கிலியை இந்த வைகாசியில்தான் மீட்டேன். தம்பலகாமத்து அக்காவின் கோப்பு பிரதேச செயலகத்தில் இருக்கிறது. வருகிற செவ்வாய் விசாரணை.