முதல் கைத்துப்பாக்கிக்கு ரூகர் மார்க் 4

அமெரிக்காவில் பிள்ளைக்கு முதல் செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி) தேடும் பெற்றோருக்கு, .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரூகர் மார்க் 4 கைத்துப்பாக்கியைத் தயங்காமல் சொல்லலாம். 9 மி.மீ. தோட்டாத் துப்பாக்கியின் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடி விசையைச் சுண்டும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. இதில் உதைப்பு மிகக் குறைவு.

சுத்தம் செய்யப் பிரிப்பதும் எளிது: மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, பாதுகாப்புப் பூட்டைப் போட்டுப் பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் எழும்பிக் கழன்றுவிடும். இதற்கு முந்தைய மாடலான மார்க் 3-ஐப் பிரித்தபின் திரும்பப் பூட்டுவதோ பெரும்பாடு. .22 தோட்டாவின் மெழுகும் கரியும் அறையில் படியும். துடைக்காவிட்டால் அடுத்த தோட்டா சிக்கும்.

பழையது வாங்கினால் உஷார்: 2017 ஜூனுக்கு முன் தயாரானவை, பாதுகாப்புப் பூட்டு பாதியில் நிற்கையில் விசையை இழுத்து விட்டபின், பூட்டைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் வெடிக்கக்கூடும் என்று நிறுவனத்தால் திரும்ப அழைக்கப்பட்டவை. பூட்டு மாற்றப்பட்டதா என்று வரிசை எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேளுங்கள்.