தனி வீடு, கோபுரம், ஆறு மாடி: எந்த நகரத்தில் கார் இல்லாமல் வாழலாம்?

நகரத்தில் வீடு எப்படிக் கட்டுவது என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். தனித்தனி வீடு, சுற்றிலும் கொஞ்சம் மண், காற்றோட்டம் என்கிறது ஒரு கட்சி. நிலம் எங்கே இருக்கிறது, மேலே மேலே கட்டு என்கிறது இன்னொன்று. நான் மூன்றாவது பக்கம். தெருவை ஒட்டி, ஒன்றோடொன்று தோள் சேர்ந்து, ஐந்தாறு மாடிக்கு மேல் போகாமல், கீழே கடைகளோடு எழும் கட்டடங்கள்தான் என் தேர்வு. மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அங்கே கார் எடுக்க வேண்டியிருக்கிறதா?

தனி வீட்டுக்கு ஆசைப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மரம் வைக்கலாம், குழந்தை பிறந்தால் ஒரு அறை கூட்டிக் கட்டலாம், தலைக்கு மேல் யாருடைய காலடிச் சத்தமும் கேட்காது. ஆனால் எல்லோரும் அப்படிக் குடியேறினால் தூரம் எகிறிவிடும். 1990-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சுமார் 25 லட்சம் பேரும் ஸ்பெயினின் பார்சிலோனாவில் சுமார் 28 லட்சம் பேரும் இருந்தார்கள். மக்கள்தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டடங்கள் பரவியிருந்த பரப்போ அட்லாண்டாவில் 4,280 சதுர கிலோமீட்டர், பார்சிலோனாவில் வெறும் 162. இருபத்தாறு மடங்கு வித்தியாசம். அவ்வளவு பரந்த ஊரில் எத்தனை பஸ் விட்டாலும், நடந்து போகும் தூரத்தில் நிறுத்தம் இருக்கும் வீடுகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். அங்கே கார் ஓட்டத் தெரியாத பிள்ளைகளும் முதியவர்களும் யாராவது கூட்டிப்போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

என் எதிர்ப்பு தனி வீட்டின் மேல் இல்லை, வேறு எதையும் கட்டவிடாத விதியின் மேல்தான். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடு மட்டுமே என்று சட்டமே இருந்தது. மினியாபோலிஸ் 2018-இல் அந்த விதியைக் கைவிட முடிவெடுத்து, ஒரு மனையில் மூன்று குடித்தனம் வரை அனுமதித்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு விதியைத் தளர்த்தியது; அதன் பிறகு புதிய வீடுகளுக்கான அனுமதி கணிசமாகக் கூடியது. தனி வீடு வேண்டும் என்பவர் இரண்டு ஊரிலும் இன்னும் தனி வீட்டில் இருக்கலாம். பக்கத்து மனைக்காரரைத் தடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் முப்பது மாடிக் கோபுரங்களைக் கட்டித் தள்ளிவிடலாமா? இங்கேதான் அடர்த்தியை ஆதரிக்கும் என் நண்பர்களோடு எனக்குச் சண்டை வரும். கோபுரம் கட்டினாலும், வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று கார் நிறுத்த இடம் விடச் சொல்கிறது பல ஊர்களின் விதி. ஒரு காரை நிறுத்த, உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், முப்பது சதுர மீட்டர் அளவுக்கு இடம் போகும். ஒரு ஆள் சமைத்துப் படுத்து எழ அந்த இடம் போதும். ஆக, அடித்தளத்தில் இரண்டு மூன்று மாடி கார்களுக்கு, சுற்றி மதில், வெளியே அகலச் சாலை. கோபுரவாசி லிஃப்டில் இறங்கி நேராகக் காரில் ஏறிப் போகிறார். ஆயிரம் பேர் வாழும் இடத்தின் வாசலில் நடந்து போக ஆளில்லை. அடர்த்தியின் நெருக்கடி முழுதும் வந்துவிட்டது, பலன் ஒன்றுகூட வரவில்லை.

கோபுரத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. ஹாங்காங் முழுக்கக் கோபுரங்கள்தான். அங்கே வாகனப் பயணங்களில் பத்துக்கு ஒன்பது பொதுப் போக்குவரத்தில் நடக்கின்றன. கீழேயே ரயில் நிலையம் இருப்பதும் கார் வைத்திருப்பது பெரும் செலவாக இருப்பதும் சேர்ந்துதான் இதைச் செய்தன. ஜப்பானில் 1962-இல் ஒரு சட்டம் வந்தது: கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தெருவுக்கு வெளியே தனக்கு இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். டோக்கியோவின் ஒடுங்கிய தெருக்களில் இரவெல்லாம் கார்கள் வரிசையாக நிற்பதில்லை. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி கிடைக்கிறது. பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்தன. கார் வாங்குபவர் இடம் தேடவில்லை. வீடு கட்டுபவர் எல்லோருக்கும் இடம் ஒதுக்கினார். அந்தச் செலவு வாடகையில் ஏறிவிடுகிறது, கார் இல்லாதவரும் அதைக் கட்டுகிறார். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொன்னது இதைத்தான். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல், கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்ற இந்தக் கட்டாயத்தை ஊர் முழுவதற்கும் நீக்கியது. கட்டட விதிகளில் ஒரே ஒரு வரியை மாற்ற எனக்கு உரிமை கிடைத்தால், நான் தொடுவது இந்த வரியைத்தான்.

இனி ஆறு மாடி. பாரிஸ் நகர எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர். இத்தனைக்கும் பெரும்பாலான கட்டடங்கள் ஆறேழு மாடிதான். கோபுரங்களுக்கு நடுவே வீணாகும் காலி இடம் இங்கே இல்லாததால் இது சாத்தியமாகிறது. நாலாவது மாடி ஜன்னலில் நின்று தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடலாம். லிஃப்ட் நின்றுவிட்டால் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். குறை இல்லாமல் இல்லை: உள்முற்றத்து அறைகளுக்கு வெளிச்சம் குறைவு, தெருச் சத்தம் வீட்டுக்குள் வரும். அதைத் தாங்கிக்கொண்டால் கடை, பள்ளி, பஸ் எல்லாம் காலடியில்.

சைக்கிள் விஷயத்திலும் ஒரு தவறான வாதம் நடக்கிறது. சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு "பாருங்கள், யாரும் ஓட்டவில்லை" என்கிறார்கள். கார் கதவு திறந்தால் மோதும் இடத்தில் யார் ஓட்டுவார்கள்? பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பத் துணியும் பாதைதான் என் கணக்கில் சைக்கிள் பாதை. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 முதல் சில ஆண்டுகளுக்குள், கார்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. சைக்கிள் அரிதாக இருந்த ஊரில் அது அன்றாடக் காட்சியானது. விட்டுவிட்டுத் துண்டுகளாகப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

நெதர்லாந்தும் பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நினைக்க வேண்டாம். 1971-இல் அங்கே சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் 400-க்கும் மேல். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1977-இல் க்ரோனிங்கன் நகரம் தன் மையப் பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிளுக்கு நேர்வழி. பாதை போட்டதைவிட, காருக்குக் குறுக்குவழியை மூடியதுதான் தைரியமான காரியம் என்பேன்.

அப்புறம், நெரிசலுக்குச் சாலையை அகலப்படுத்துவதா, நகர மையத்துக்கு வரும் வண்டிகளிடம் கட்டணம் வாங்குவதா? இதில் எனக்கு அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் சில இடங்களில், பக்கச் சாலைகளையும் சேர்த்து, 26 தடம் ஆக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் சோதனையாகக் கட்டணம் வாங்கியது. மையத்துக்குள் வந்துபோகும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடங்கும் முன் எதிர்ப்பு பலமாக இருந்தது. சோதனை முடிந்தபின் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள், மறு ஆண்டு நிரந்தரமானது.

"வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் என்ன செய்வார்கள்?" என்று கேட்பவர்களுக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சிலருக்குக் கார் வேண்டும்தான். கருவிப் பெட்டியோடு வீடு வீடாகப் போகும் பிளம்பருக்கும் வண்டி வேண்டும். மற்றவர்கள் விலகினால்தான் இவர்களுக்கு வழி கிடைக்கும். நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகளில் மோட்டார் சக்கர நாற்காலிகளும், நடக்க முடியாதவர்களுக்கான சிறிய வண்டிகளும் சட்டப்படி ஓடலாம். படியில்லாத, குழியில்லாத அந்த அகலப் பாதையில் ஒரு மூதாட்டி யாருடைய துணையும் இல்லாமல் கடைக்குப் போய்த் திரும்புகிறார்.