மதுரை மழைக்கு எந்த ரெயின்கோட்? தினமும் பைக்கில் போய்வரும் ஒருவரின் அனுபவம்

ரெயின்கோட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "தண்ணி உள்ளே வருமா?" என்றுதான். மதுரைப் பக்கம் பைக் ஓட்டுகிறவர் அதற்கு முன்னால் வேறு இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ரோட்டோரத்தில் நின்று எவ்வளவு சீக்கிரம் மாட்டலாம்? மாட்டிய பிறகு வேர்வை எங்கே போகும்? செக்கானூரணியிலிருந்து காளவாசலுக்குப் பல வருடங்களாகப் பைக்கில்தான் போய்வருகிறேன். மூன்று வகைக் கோட்டுகளைப் போட்டுப் பார்த்தாயிற்று. அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்ம ஊர் மழையின் குணம் தனி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள் விடியும்போதே பிடித்துக்கொண்டு பெய்யும், உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியின் கோடை மழையும் ஆவணி, புரட்டாசி மழையும் பெரும்பாலும் சாயங்கால மழை. மதியம் வரை வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல் நாகமலைப் பக்கம் கறுக்கும், புழுதிக்காற்று ஒன்று அடிக்கும், அடுத்த சில நிமிடத்தில் கொட்டும். பல்கலை நகர் பக்கம் காய்ந்த ரோட்டில் வந்தவன் அடுத்த நிறுத்தத்துக்குள் தொப்பலாக நனைந்துவிடுவான். ஆக, கோட்டைப் போட்டிருக்கும் நேரத்தைவிட வண்டியில் சுமந்துகொண்டு திரியும் நேரம்தான் பல மடங்கு அதிகம். வேண்டிய நேரத்தில் அவசரமாக, ஷூவைக் கழற்றாமல், ஒற்றைக் காலில் தடுமாறாமல் மாட்ட வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் எந்த எண்ணும் இதைச் சொல்லாது.

முதலில் போட்டது பிவிசி. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலும், சீசனில் ரோட்டோரத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முழு பிளாஸ்டிக் என்பதால் துணி வழியே ஒரு சொட்டும் இறங்காது. ஆனால் அதன் மூட்டுகளைத் தைப்பதில்லை, சூடு வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு அக்குளிலும் கவட்டிலும்தான் முதலில் விடும். வண்டியில் வெயில் படும்படி மடித்து வைத்தால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். ஒரு சீசன் உழைத்தால் அதுவே பெரிது. எப்போதாவது மழையில் மாட்டிக்கொள்கிறவருக்கும், பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் இது போதும். தினமும் ஓட்டுகிறவருக்குப் போதாது. முக்கியக் காரணம் வேர்வை. வெளியே மழை, உள்ளே இட்லிச் சட்டி. வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டை மழையில் நனைந்த அளவுக்கே நனைந்திருக்கும்.

இந்த வேர்வைப் பிரச்சினை ரெயின்கோட்டு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. இரண்டு துணிக்கு நடுவில் ரப்பரை வைத்து ஒட்டும் முறைக்கு ஸ்காட்லாந்தின் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-ல் காப்புரிமை பெற்றார். தண்ணீர் உள்ளே வராது, ஆனால் காற்றும் வெளியே போகாது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு ஒரு சவ்வு கிடைப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் கோர்டெக்ஸ். மழைத்துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை, நீராவி வெளியேறும் அளவு பெரிய துளை. இன்று விலை கூடிய ரைடிங் ஜாக்கெட்டுகளில் வரும் மழை லைனர்கள் (உட்பக்கம் மாட்டிக் கழற்றும் மழை உறைகள்) பலவும் இந்த எண்ணத்தில் செய்தவைதான்.

இரண்டாவதாக நான் போட்டது அப்படி உள்ளே லைனர் வைத்த ரைடிங் ஜாக்கெட். தோள், முழங்கையில் அடி படாமல் காக்கும் கார்டு உண்டு, தையல் உறுதி, எல்லாம் சரி. போடிமெட்டு வழியாக மூணாறு ஏறியபோது அதன் அருமை தெரிந்தது. குளிரில் மழை, உள்ளே உடம்பு காய்ந்தே இருந்தது. அதே ஜாக்கெட் மதுரையில் அப்படி வேலை செய்யவில்லை. காரணம் ஜாக்கெட்டில் இல்லை, நம்ம காற்றில் இருக்கிறது. உள்ளேயிருக்கும் நீராவி சவ்வு வழியே வெளியே போக வேண்டுமானால், வெளிக்காற்றில் ஈரம் உள்ளே இருப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். புரட்டாசி மழையில் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்தும் இருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது நீராவி ஏன் கிளம்பும்? அது போக, லைனர் உள்ளே இருப்பதால் மேல்துணி முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டாலும் காலையில் ஈரம் இருக்கும். ரோட்டோரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றி, லைனரை மாட்டி, மறுபடி போடுவது கொட்டுகிற மழையில் நடக்கிற காரியமும் இல்லை. அந்த ஜாக்கெட்டை நான் விட்டுவிடவில்லை. லைனரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, விழுந்தால் அடி படாமல் இருக்க அதைப் போட்டுக்கொள்கிறேன். மழைக்கு அதன் மேலேயே வேறொன்று.

அந்த வேறொன்றுதான் இப்போது மூன்றாவது மழைக்காலத்தைப் பார்க்கும் நைலான் கோட்டு-பேண்ட். நைலான் துணியின் உட்பக்கம் பாலியூரிதேன் பூச்சு, தையலுக்கு மேல் டேப். விலை 1,000 ரூபாயிலிருந்து 2,500 வரை பல தரத்தில் இருக்கிறது. கடையில் அந்தத் தம்பி சொன்னது: "அண்ணே, இது பத்தாயிரம் எம்எம்ணே, கண்ண மூடிக்கிட்டு எடுங்க." அந்த எண் என்னவென்றால், துணியின் ஒரு பக்கம் தண்ணீரை அழுத்தி, மறுபக்கம் துளி கசியும்போது அந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம் என்ற அளவு. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். நல்ல துணிதான். ஆனால் பெரும்பாலும் அது துணிக்கான எண், தையலுக்கானது இல்லை. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையலிலும் டேப் ஓடுகிறதா, அல்லது தோளோடு நின்றுவிட்டதா? பைத் தையலையும் தொப்பித் தையலையும் பல தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள்.

நான்கு தையல் சந்திக்கும் கவட்டுப் பகுதிதான் எல்லாப் பேண்ட்டிலும் முதலில் தோற்கும் இடம். பைக் சீட்டின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அதன் மேல் நம் எடை அழுத்தும், காலை அசைக்க அசைக்கத் தையல் இழுபடும். வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யலாம். பேண்ட்டை இடுப்புப் பக்கம் பிடித்துத் தூக்கி, கால் இரண்டையும் மடக்கிப் பிடித்துக்கொண்டு, கவட்டில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தால் ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். கவட்டின் நடுவில் தையல்கள் சந்திக்காதபடி தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பவை நெடுநாள் தாங்குகின்றன.

முன்பக்க ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு போதாது, இரண்டு வேண்டும். அறுபதில் போகும்போது காற்று மழையை ஜிப் பல்லுக்குள் தள்ளிவிடும். கழுத்துப் பட்டை உயரமாக, ஹெல்மெட்டின் அடிவிளிம்பைத் தொடும் அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெல்மெட்டிலிருந்து வழிவது நேராக முதுகில் இறங்கும். பேண்ட்டின் காலில் முழங்கால் வரை ஜிப் இருந்தால்தான் ஷூவோடு மாட்ட முடியும். நான் முதலில் சொன்ன வேகம் இதில்தான் இருக்கிறது. அளவை நின்றபடி பார்க்காதீர்கள், கடை வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தால் பேண்ட் நாலு விரற்கடை மேலேறும், கை நீட்டினால் மணிக்கட்டு வெளியே தெரியும். வழக்கமான அளவுக்கு ஒரு அளவு கூடுதலாக எடுப்பது நல்லது. உள்ளே காற்று புழங்கவும் அந்த இடைவெளி வேண்டும். என் கோட்டில் முதுகில் ஒரு மடிப்பு, அதற்குள் வலை. சாதாரணமாகத் தெரியும் அந்த வலைதான், ஓடும்போது வேர்வையைக் குறைக்கிறது. நம்ம ஊருக்கு விலையுயர்ந்த சவ்வைவிட இந்த வலை பெரிது.

சரி, நனைவது மழையாலா வேர்வையாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். முதுகும் கையும் சீராக ஈரமாக இருந்தால் வேர்வை. தையல் போகும் கோட்டிலோ, ஜிப்புக்கு நேராகவோ, தொடை இடுக்கிலோ பட்டையாக ஈரம் தெரிந்தால் கசிவு. கசிவுக்கு மருந்து உண்டு. பஞ்சர் கடைச் சொல்யூஷனை உட்பக்கத் தையலில் மெல்லியதாகத் தடவி ஒரு நாள் காயவிட்டேன், ஒரு சீசன் நின்றது.

எங்கே முதலில் தேய்கிறது என்பது பழகிய பிறகுதான் தெரியும். என் கோட்டில் தோள் போனது. கோட்டுக்கு மேல் பேக்கை மாட்டுவதால் பட்டை உரசி உரசிப் பூச்சு உதிர்ந்தது. இப்போது பேக்கைப் பின்சீட்டில் கட்டிவிடுகிறேன். ஒளிரும் பட்டையும் அதே உரசலில்தான் மங்கும். நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும்: கறுப்பு வாங்காதீர்கள். அழுக்குத் தெரியாது என்று வாங்குகிறார்கள், ஆனால் சாயங்கால மழையில் பின்னால் வரும் பஸ்காரருக்கு ஆளே தெரியாது. அந்தி வெளிச்சத்துக்குப் பளீர் மஞ்சள், இருட்டிய பிறகு ஹெட்லைட் பட்டால் மின்னும் பட்டை, இரண்டும் வேண்டும். மஞ்சள் நிறம் ராத்திரியில் தனியாக உதவாது.

கைகால் விஷயத்தில் மதுரைக்காரருக்குக் கவலை குறைவு. இங்கே விரல் விறைக்கும் குளிர் இல்லை, சாதாரண கையுறை நனைந்தாலும் ஓட்டலாம். ஷூவுக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. சிக்னலில் எண்ணெய் படிந்த ஈர ரோட்டில் காலை ஊன்றினால் வழுக்குகிறது. மழை நாளில் கிளம்பும்போதே ஷூவைப் பையில் போட்டுவிட்டு, பின்பட்டை வைத்த பிளாஸ்டிக் சாண்டல்ஸ் போடுவது பாதுகாப்பு. ஹெல்மெட் கண்ணாடியின் உட்பக்கம் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு துளி தேய்த்துக் காயத் துடைத்தால் சில நாள் ஆவி படியாது.

என் மனைவி பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் புடவையில் போகிறார். புடவைக்கு மேல் பேண்ட் போட முடியாது. கடையில் பெண்களுக்கென்று முதலில் எடுத்துக் காட்டுவது போன்சோ, தலைவழியே மாட்டும் தொளதொளப்பான மழைப் போர்வை. அதை வேண்டாம் என்று வைத்துவிட்டார். காற்றில் அது பறந்து பின்சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துப் போடும். முழங்காலுக்குக் கீழே வரும், அடிவரை பட்டன் வைத்த நீளக் கோட்டுதான் அவருக்குச் சரிப்பட்டது. உட்காரும்போது விளிம்பைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். ஸ்கூட்டரின் முன்பக்கத் தகடு கால்களைப் பாதி காப்பாற்றிவிடுகிறது. கொசுவத்தின் அடி எப்படியும் நனையும், அதற்குப் பள்ளியில் ஒரு மாற்றுப் புடவை வைத்திருக்கிறார். பெண்களின் உடையை மனதில் வைத்து நம்ம ஊரில் யாராவது ஒரு நல்ல மழைக்கோட்டு தைக்க வேண்டும். தேவை அவ்வளவு இருக்கிறது.

கோட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கக் கூடாது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தெருக்களில் வெள்ளம் நின்றதை எல்லோரும் பார்த்தோம். ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தெரிந்தால் சுற்றிப் போவதுதான் வழி, அடியில் குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்?

பராமரிப்பு சுலபம், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். ஈரத்தோடு மடித்து சீட்டுக்கு அடியில் வைப்பதுதான் இந்தக் கோட்டுகளைக் கொல்கிறது. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து உரியும், டேப் கழன்று தொங்கும். வாஷிங் மெஷின் வேண்டாம், அயர்ன் கூடவே கூடாது. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். தை பிறந்ததும் என் கோட்டைச் சுருட்டாமல் ஹேங்கரில் மாட்டிவிடுகிறேன்.

இப்போது தோளைத் தவிர கோட்டு நன்றாக இருக்கிறது, பேண்ட்டின் கவட்டு டேப் மட்டும் எழும்பத் தொடங்கியிருக்கிறது. கேட்டுப் பார்த்த கடைகளில் ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள். ரைடிங் சாமான் விற்கும் ஒரு கடையில் மட்டும் பேண்ட்டைத் தனியாக எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஐப்பசி பிறந்தால் நம்ம அளவு கிடைக்காது. அதனால் ஆவணிக்குள் போய், கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்து பார்த்து வாங்கிவிடப் போகிறேன்.