ஹால் சென்சார் காந்த மீட்டர்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

காந்தத்தின் வலிமையை அளக்கும் மீட்டரை வீட்டிலேயே கட்ட எஸ்எஸ்49ஈ ஹால் சென்சார் (காந்தப்புலத்துக்கு ஏற்ப வோல்ட் தருவது), 7805 ரெகுலேட்டர் (பேட்டரியின் 9 வோல்ட்டை நிலையான 5 வோல்ட்டாக்குவது), அதற்கு 0.33, 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர்கள், 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் பல சுற்று ட்ரிம்பாட் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்), டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்சார் வாங்கும்போது கவனம்: ஏ3144 பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச். அளவு காட்டாது.

எழுத்துள்ள முகம் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாகக் கால்கள்: சப்ளை, கிரவுண்ட், வெளியீடு. 5 வோல்ட்டில், காந்தம் இல்லாதபோது வெளியீடு ஏறக்குறைய 2.5 வோல்ட். ஒரு காஸுக்கு (காந்தப்புலத்தின் அலகு) சுமார் 1.4 மில்லிவோல்ட் மாறும். எழுத்து முகத்துக்கு எதிரே தென்முனை வந்தால் ஏறும், வடமுனை வந்தால் இறங்கும். சப்ளையை மாற்றிக் கொடுத்தால் சென்சார் போய்விடும்.

இந்த மீட்டரை நம்பலாமா என்பது பூஜ்ஜியத்தை, அதாவது காந்தம் இல்லாதபோது வரும் அளவைப் பொறுத்தது. வெளியீட்டை நேராக 20 வோல்ட் ரேஞ்சில் படித்தால் கடைசி இலக்கமே 10 மில்லிவோல்ட், அதாவது 7 காஸ். பேட்டரி 7 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் 7805-ஆல் 5 வோல்ட்டைத் தாங்க முடியாது. சப்ளை 4.9 ஆனால் பூஜ்ஜியம் 2.45-க்குப் போகும், காந்தமே இல்லாமல் 36 காஸ் காட்டும்!

இதற்குத்தான் ட்ரிம்பாட். அதன் இரு ஓரக் கால்களை 5 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் சால்டர் செய்யுங்கள். மல்டிமீட்டரின் கருப்பு வயர் நடுக்காலில், சிவப்பு வயர் சென்சார் வெளியீட்டில். காந்தங்களைத் தள்ளி வைத்துவிட்டு 0 வரும்வரை திருகுங்கள். சப்ளை இறங்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்கும். பூஜ்ஜியம் பெரிதாக நகராது. 2 வோல்ட் ரேஞ்சில் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் தெரியும். வரும் எண்ணை 1.4-ஆல் வகுத்தால் காஸ். 10 காஸ் ஒரு மில்லிடெஸ்லா.

அந்த 1.4 சென்சாருக்குச் சென்சார் கொஞ்சம் மாறும். சரிபார்க்க 2 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில், 10 செ.மீ. நீளத்துக்கு 100 சுற்று எனாமல் கம்பி சுற்றி 1 ஆம்பியர் விடுங்கள். குழாயின் நடுவில் சுமார் 12.3 காஸ் இருக்கும். சென்சாரின் முகம் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் அளவு காணாமல் போகும். மாற்றம் 17 மில்லிவோல்ட்தான் என்பதால் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் படியுங்கள். கம்பி சூடாகும், படித்ததும் நிறுத்திவிடுங்கள்.

சுமார் 1000 காஸுக்கு மேல் இந்தச் சென்சார் நிரம்பிவிடும், அதாவது வெளியீடு அதற்கு மேல் மாறாது. நியோடிமியக் காந்தத்தை ஒட்டி வைத்தால் சின்னதும் பெரியதும் ஒரே எண் காட்டுவது அதனால்தான். இடையில் 10 மி.மீ. அக்ரிலிக் துண்டு வையுங்கள், எப்போதும் அதே துண்டு. அரை மி.மீ. மாறினாலும் எண் மாறும். மெல்லிய வட்டக் காந்தத்தில் விளிம்பருகே புலம் நடுவைவிடக் கூடுதல், ஆகவே மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு மேசை வேண்டவே வேண்டாம். சூடான காந்தத்தையும் ஆறவிட்டே அளக்க வேண்டும். ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் வலிமையில் 0.2 சதவீதம் இழக்கும்.

முதலில் கெடுவது சென்சாரின் கால்கள்தான், அதுவும் உடம்பை ஒட்டி மடக்கிய இடத்தில். 3 மி.மீ. விட்டு மடக்கி, ஒவ்வொரு காலுக்கும் ஹீட்ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டு, தட்டையான பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிவிட்டால் நன்றாக உழைக்கும். புதுச் சென்சார் மாற்றினால் ட்ரிம்பாட்டையும் சுருள் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.